மனைப்பிரிவு போடுமுன்: வாசகர் கேள்வி – பதில்

நிலம் அளப்பது, லேஅவுட் வரைவது, அனுமதி வாங்குவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். பதில் தருபவர்கள் உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரும் நகரமைப்பு ஆலோசகர் ஒருவரும். சென்னைப் பெருநகரப் பகுதிக்குள் அனுமதி தருவது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்); மற்ற இடங்களில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்). இரண்டுக்கும் விதி ஒன்றுதான்: 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்.

கேள்வி: பத்திரத்தில் 4 ஏக்கர் 5 சென்ட். பட்டாவில் 1.62.00 ஹெக்டேர். தனியார் சர்வேயர் மெஷின் வைத்து அளந்துவிட்டு 3 ஏக்கர் 88 சென்ட்தான் என்கிறார். எதை வைத்து லேஅவுட் போடுவது?
– வாசகர், வேடசந்தூர்

பதில்: பட்டாவில் உள்ள 1.62 ஹெக்டேர் என்பது 4 ஏக்கர். பத்திரத்தில் 5 சென்ட் கூட இருக்கிறது, தரையில் 12 சென்ட் குறைகிறது. அனுமதிக்குப் போகும்போது பட்டா, புலப்படம் (சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் வருவாய்த் துறை வரைபடம்), தரை மூன்றில் எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே 388 சென்ட் என்று வைத்து வரையலாம். ஆனால் அந்த 12 சென்ட் எங்கே போனது என்று தெரியாமல் ஒரு கோடு கூடப் போடாதீர்கள். காரணத்தைப் பொறுத்து அது உங்களுக்குத் திரும்பி வரலாம். இன்னும் கொஞ்சம் கையை விட்டுப் போகவும் செய்யலாம்.

முதலில் சர்வேயரிடம் கேட்க வேண்டியது: எதை அளந்தீர்கள்? பெரும்பாலும் இருக்கிற வேலியையும் வரப்பையும் சுற்றி அளந்துவிட்டு அதைப் பரப்பு என்று கொடுத்துவிடுகிறார்கள். அது உங்கள் அனுபவத்தில் உள்ள நிலத்தின் அளவு. சர்வே எண்ணின் அளவு ஆகாது. சர்வே எண்ணின் எல்லை புலப்படத்தில், அதாவது எஃப்.எம்.பி.யில் இருக்கிறது. அதைத் தரையில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால்தான் பக்கத்துக்காரர் வரப்பு உள்ளே வந்திருக்கிறதா, ரோடு அகலமானபோது முன்பக்கம் போனதா என்பது தெரியும்.

புலப்படத்தைப் படிக்கும் முறை இது. நிலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும் ஜி-லைன்கள் இருக்கும். அந்தக் கோட்டின் மேல் எத்தனையாவது மீட்டரில் நின்று, செங்குத்தாக எத்தனை மீட்டர் போனால் எல்லையின் மூலை வரும் என்று எழுதியிருக்கும். இந்த எண்களைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. இணையத்தில் இறக்கிய பி.டி.எஃப்.ஐ ஏ4 தாளில் அச்சடித்தால் பிரின்டர் தாளுக்கேற்பச் சுருக்கிவிடும். 1:1000 என்று போட்டிருப்பது அந்தத் தாளில் 1:1000 ஆக இருக்காது. பழைய புலப்படங்களில் அளவு மீட்டரில் இல்லாமல் லிங்க்ஸில் இருக்கும். 100 லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. ஒரு லிங்க் 20.12 சென்டிமீட்டர், 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். லிங்க்ஸை அடி என்று நினைத்துக் கணக்குப் போட்டுவிட்டு நிலம் பெருகிவிட்டதாக மகிழ்ந்தவர்கள் உண்டு.

ஏற்றிய வரைபடத்தைத் தரையோடு பொருத்த, அசைக்கப்படாத சர்வே கற்கள் குறைந்தது மூன்று வேண்டும். மூன்று சர்வே எண்கள் சந்திக்கும் முச்சந்திக் கற்களைத் தேடுங்கள். புதருக்குள்ளோ மண்ணுக்கு அரை அடி கீழேயோ கிடக்கும். இரண்டு கல்லை மட்டும் வைத்துப் பொருத்தினால் அதில் ஒன்று நகர்த்தி நட்ட கல்லாக இருந்தால்கூடக் கண்டுபிடிக்க வழியில்லை. மூன்றாவது கல்தான் காட்டிக்கொடுக்கும். உங்கள் புலத்தில் கல் கிடைக்கவில்லை என்றால் பக்கத்துப் புலத்தின் படத்தையும் வாங்கி அங்கிருந்து பிடித்து வாருங்கள்.

உங்கள் வட்டாரத்துக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். ஜி.பி.எஸ். கருவிகள் தரும் யு.டி.எம். (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை) ஆயத்தொலைவில் தமிழ்நாடு இரண்டு மண்டலமாகப் பிரிகிறது. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேற்கே 43, கிழக்கே 44. வேடசந்தூரும் திண்டுக்கல்லும் 43-இன் கிழக்கு ஓரத்தில் இருக்கின்றன, நத்தம் 44-க்குள் விழுகிறது. கருவியில் மண்டலத்தை மாற்றி வைத்தால் நிலம் வேறெங்கோ போய் நிற்கும். அது கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாதது அளவின் நீட்சி. மண்டல ஓரத்தில் யு.டி.எம். தூரம் தரைத் தூரத்தைவிட 10,000-க்கு சுமார் 9 பங்கு கூடுதலாக வரும். 150 மீட்டர் ரோட்டில் அது 13 சென்டிமீட்டருக்கு மேல். பரப்பில் உங்கள் நிலத்துக்கு முக்கால் சென்ட் அளவுக்குக் கூட்டிக் காட்டும். 12 சென்ட் குறைந்ததற்கு இது காரணமில்லை என்றாலும், கடைசியில் டேப் பிடித்துக் கல் நடும்போது வரைபடத்துக்கும் தரைக்கும் ஒத்துவராது. அளவைத் தரைத் தூரத்துக்கு மாற்றிக் கொடுங்கள் என்று சர்வேயரிடம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, 1980-களில் நடந்த யு.டி.ஆர். (நிலவுடைமைப் பதிவு மேம்பாடு) பட்டாப் பதிவின்போது பரப்பும் உட்பிரிவு எண்ணும் மாறிய ஊர்கள் ஏராளம். அந்தப் பிழை என்றால் தாசில்தார், கோட்டாட்சியர் வழியாகத் திருத்தித்தான் ஆக வேண்டும். லேஅவுட் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுத் திருத்தத்துக்கு அலையாதீர்கள். எண் மாறினால் விண்ணப்பத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: மேலே சொன்ன மாதிரி ஏறக்குறைய 4 ஏக்கரில் 30-க்கு 40 மனையாகப் போட்டால் எத்தனை வரும்? ஏஜென்ட் 110 என்கிறார்.
– வாசகி, திருமங்கலம்

பதில்: 110 வராது. மேலே உள்ள 3.88 ஏக்கரையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். அது 15,702 சதுர மீட்டர்.

ரோட்டுக்கு 30 சதவீதம் என்று வைத்தால் 4,711 கழியும், மீதி 10,991. மொத்த நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருப்பதால், ரோடு போக உள்ளதில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு, அதாவது ஓ.எஸ்.ஆர்.க்கு, தானமாக எழுதிக்கொடுத்தே ஆக வேண்டும். பணமாகக் கட்டுகிறேன் என்று சொல்ல முடியாது. அது 1,099. மின் வாரியத்துக்கு அரை, உள்ளாட்சிக்கு அரை என்று பொதுப் பயன்பாட்டுக்கு 1 சதவீதம்: 110. மிஞ்சுவது 9,782 சதுர மீட்டர், சுமார் 1,05,300 சதுர அடி. இதற்குள் இன்னும் ஒரு 10 சதவீதம், அதே 1,099 சதுர மீட்டர், பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான சிறு மனைகளாக இருக்க வேண்டும். அவற்றை விற்கலாம்; ஒன்றாகச் சேர்த்துப் பெரிய மனையாக்க முடியாது. இதே இடத்தில் வேண்டாம் என்றால் 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வேறு இடத்திலும் காட்டலாம். அதுவும் போனால் சாதாரண மனைக்கு 93,400 சதுர அடி சொச்சம். 1,200 ஆல் வகுத்தால் 77. ரோட்டு முனை வெட்டு, கோணல் எல்லை எல்லாம் சேர்ந்து இன்னும் மூன்று நான்கைத் தின்னும்.

ரோட்டுக்கு 30 சதவீதம் என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அது வரைபவர் கையில் இருக்கிறது. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை மனைகள், ஒவ்வொன்றும் 40 அடி ஆழம். பக்கத்தில் 30 அடி ரோடு. 110 அடிக்கு 30 அடி ரோடு, அதாவது 27 சதவீதம். மனை ஆழத்தை 50 அடியாக்கினால் 130-க்கு 30, அதாவது 23. ரோட்டை 24 அடியாக்கி 40 அடி ஆழத்தில் நிறுத்தினாலும் அதே 23 வரும். குறுக்கு ரோடுகள் இதற்கு மேல். இப்போது ரோட்டை நிலத்தின் எல்லையை ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் மனை வருகிற மாதிரி போட்டுப் பாருங்கள்: 70 அடிக்கு 30 அடி ரோடு. 43 சதவீதம்! எல்லையோரம் ரோடு போட்டால் பக்கத்து நிலத்துக்காரருக்கு நீங்கள் உங்கள் செலவில் முகப்பு கட்டிக் கொடுக்கிறீர்கள் என்று பொருள். முதல் வரைவைப் பார்க்கும்போது இதைத்தான் முதலில் தேடுவோம். பக்கத்தில் ஏற்கெனவே அனுமதி பெற்ற லேஅவுட்டின் ரோடு உங்கள் எல்லையில் வந்து முட்டி நின்றால் மட்டும் அதைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்வார்கள்; அதற்கு மறுப்புச் சொல்லிப் பயனில்லை.

திறந்தவெளியை, விற்காத கோணல் முக்குகளில் துண்டு துண்டாகத் தள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு துண்டு 100 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, எந்தப் பக்கமும் 10 மீட்டருக்குக் குறையக் கூடாது. ரோட்டிலிருந்து நேரே நுழைய வழி வேண்டும். உயரழுத்த மின்கம்பிக்குக் கீழே கிடக்கும் நிலத்தைப் பூங்கா என்று காட்டினாலும் வரைபடம் திரும்பி வரும். 110 கே.வி. கம்பிக்குக் கீழே 22 மீட்டர் அகலத்துக்குப் பாதை விடுவது மின்துறை வழக்கம். அதில் ரோட்டை ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது தெருக்குத்து. ஒரு ரோடு வந்து இன்னொரு ரோட்டில் முட்டும் இடத்துக்கு எதிரே உள்ள மனையை யாரும் வாங்க மாட்டார்கள். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, விலை குறைத்துக் கேட்பார்கள். முட்டும் இடத்தில் பூங்காவையோ மின் வாரிய மனையையோ கொண்டுவந்து வைத்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. விதியும் கெடாது. வடக்கு-தெற்காக ரோடு ஓட்டினால் கிழக்குப் பார்த்த மனைகள் பாதி கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர். 10 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று நிலம் முழுக்க மட்டம் எடுத்து, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த பிறகுதான் ரோட்டின் திசை. 200 அடிக்கு 1 அடியாவது வாட்டம் கிடைத்தால் சாக்கடை தானே ஓடும். சமதரையில் வாட்டமில்லாமல் போட்ட சாக்கடை முதல் மழையிலேயே கொசு வளர்க்க ஆரம்பித்துவிடும்.

கேள்வி: எங்கள் இடத்துக்குப் போகும் ஊராட்சிச் சாலை தரையில் 20 அடிக்குக் குறையாமல் தார் போட்டு இருக்கிறது. ஆனால் ரோடு அகலம் போதாது என்று சொல்கிறார்கள். கண்ணெதிரே ரோடு இருக்கும்போது என்ன பிரச்சினை?
– வாசகர், பல்லடம்

பதில்: கண்ணெதிரே இருப்பது தார். பதிவேட்டில் இருப்பது எவ்வளவு என்று பாருங்கள். அந்தப் பாதையின் சர்வே எண்ணுக்குப் புலப்படமும் அ-பதிவேடும் (ஒவ்வொரு சர்வே எண்ணின் வகை, பரப்பு, உரிமையாளரைக் காட்டும் கிராமப் பதிவேடு) எடுங்கள். பல ஊர்களில் 12 அடி வண்டிப்பாதைதான் புறம்போக்காக இருக்கும். மீதி இரண்டு பக்கத்துப் பட்டாதாரர்கள் விட்டுக்கொடுத்தது, எழுத்தில் ஏதும் இருக்காது. நாளைக்கு ஒருவர் தன் எல்லையில் கல் ஊன்றிவிட்டால் 60 வீட்டுக்கு வழி 12 அடி. குடியிருப்பு லேஅவுட்டுக்குள் ஓடும் ரோட்டுக்கே 7.2 மீட்டர், அதாவது 24 அடிக்குக் குறையாமல் கேட்கும்போது, அதற்குள் நுழையும் பாதை 12 அடி என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வழி ஒன்றுதான். போதாத இடங்களில் பக்கத்து நிலக்காரர்களிடமிருந்து தேவையான துண்டை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிந்து வாங்க வேண்டும். உங்கள் பெயருக்குக் கிரயம் வாங்கி வைத்துக்கொண்டால் அது தனியார் பாதைதான். பொது ரோடு ஆகாது. அகலத்தை ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். மெயின் ரோட்டிலிருந்து உங்கள் எல்லை வரை 20 மீட்டருக்கு ஓர் அளவு எடுங்கள். இருப்பதிலேயே ஒடுங்கிய இடம்தான் கணக்கு. அது பெரும்பாலும் ஒரு வளைவிலோ கோயில் மதிலை ஒட்டியோ இருக்கும். நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய அளவு இது.

கேள்வி: நிலத்துக்கு நடுவே புலப்படத்தில் வாய்க்கால் காட்டுகிறது. தண்ணீர் வந்து 20 வருஷம் ஆகிறது, தூர்ந்து மண்மேடாகிவிட்டது. அதையும் சேர்த்து மனை போடலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முடியாது. தண்ணீர் வராதது வேறு. அது வாய்க்கால் புறம்போக்கு என்பது வேறு. தனி உட்பிரிவு எண்ணோடு அ-பதிவேட்டில் வாய்க்கால் என்று இருந்தால் அது அரசு நிலம். புலப்படத்தில் உள்ள அகலத்தோடு அதை அப்படியே விட்டு வரைய வேண்டும். தூர்ந்து 3 அடியாகிவிட்டது என்று 3 அடி விட்டால் போதாது. இரண்டு பக்கமும் உங்கள் நிலம் என்றால், ரோடு தாண்டும் இடத்தில் மட்டும் சிறுபாலம் போட நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வாங்கலாம். நீர்நிலையிலிருந்து 15 மீட்டருக்குள் இருக்கும் இடத்துக்கு நிபந்தனை போடவோ மறுக்கவோ அனுமதி தரும் அலுவலகத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

பட்டா நிலத்துக்குள்ளேயே கோடாகக் காட்டிய பாசன வாய்க்கால் என்றால் நிலம் உங்களுடையது. ஆனால் கீழ்மடைக்காரருக்குத் தண்ணீர் போகும் உரிமை இருக்கும். எல்லையோரமாகத் திருப்பிவிட அவர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

வரைவதில் ஒரு யோசனை. வாய்க்காலை மனைகளின் முதுகுப்புறம் வைக்காதீர்கள். பத்தே வருஷத்தில் ஆளாளுக்கு மதிலைத் தள்ளிக் கட்டி மூடிவிடுவார்கள், தூர்வார ஆள் இறங்க வழியிருக்காது. பக்கத்தில் ரோட்டை ஓட்டித் திறந்தே விடுங்கள். சிறுபாலக் குழாயும் 600 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஒரு வாழை மட்டை போதும் அடைக்க. டெல்டாவில் இருந்துகொண்டு தண்ணீரின் வழியைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: நஞ்சை நிலம். ஆறு வருஷமாகத் தரிசு. வீட்டுமனை ஆக்க முடியுமா?
– வாசகி, ஆரணி

பதில்: தரிசாகக் கிடப்பது வகைப்பாட்டை மாற்றாது. அ-பதிவேட்டில் நஞ்சை என்றால் நஞ்சைதான். நஞ்சைக்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். வேளாண் இணை இயக்குநரின் கருத்தைக் கேட்டுத்தான் அவர் தருவார். உங்கள் ஊர் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) பகுதிக்குள் இருந்து அங்கே விவசாய உபயோகம் என்று குறித்திருந்தால், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி நில உபயோக மாற்றம் தனியாக வாங்க வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே என்றால் 47-ஏ பிரிவும் அதன்கீழ் 2017-இல் வந்த விதிகளும். சுற்றிலும் இன்னும் நடவு நடக்கிறது, நடுவில் நீங்கள் மட்டும் மாற்றக் கேட்கிறீர்கள் என்றால் எளிதில் கிடைக்காது.

கேள்வி: மூன்று பிள்ளைகளுக்கு 60 சென்ட்டைப் பாகம் பிரித்துக் கொடுக்கவும் டி.டி.சி.பி. போக வேண்டுமா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: விவசாய நிலமாகவே பாகப்பிரிவினை எழுதினால் வேண்டாம். பத்திரம் பதிந்து, உட்பிரிவுக் கட்டணம் கட்டி, குறுவட்ட சர்வேயர் வந்து அளந்து தனிப்பட்டா கொடுப்பார். அது வருவாய்த் துறை வேலை. வீட்டுமனையாகப் பிரித்தால்தான் திட்ட அனுமதி தேவை. 8 மனை வரை என்றால் மனை உட்பிரிவு, 8-க்கு மேல் போனால் லேஅவுட். ஒருவர் மனைக்குப் பின்னால் இன்னொருவர் மனை வருகிற மாதிரி பிரிக்காமல் மூவருக்கும் ரோட்டைத் தொடுகிற மாதிரி நீளவாக்கில் பிரியுங்கள். பின்பாகக்காரருக்கு 6 அடி நடைபாதை விட்டு எழுதிய பத்திரங்கள்தான் நீதிமன்றங்களில் தலைமுறை தாண்டி ஓடுகின்றன.

கேள்வி: “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, பத்திரம் ஆகும், போதும்” என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: வேண்டாம். ஊராட்சி தானாக லேஅவுட்டுக்கு அனுமதி தர முடியாது. டி.டி.சி.பி.யோ சி.எம்.டி.ஏ.வோ தொழில்நுட்ப ஒப்புதல் தந்த பிறகு இறுதி உத்தரவு போடுவதுதான் அதன் வேலை. அனுமதியில்லா மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் அத்தகைய மனைப் பத்திரங்களைப் பதிய மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே மனையாகப் பதிவான இடத்தை மறுபடி விற்கப் பதிவு நடக்கும். “பத்திரம் ஆகும்” என்று அவர் சொல்வது அதைத்தான். ஆனால் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி வரன்முறை செய்யாமல் அதில் வீட்டு வரைபட அனுமதி கிடைக்காது.

அனுமதி பெற்ற மனை என்று சொன்னால் சரிபார்க்க ஓர் எளிய வழி. அந்த சர்வே எண்ணுக்கு ஈ.சி. (வில்லங்கச் சான்று) போட்டுப் பாருங்கள். உள்ளாட்சியின் பெயருக்கு ரோடும் பூங்காவும் தானப் பத்திரமாகப் போயிருக்க வேண்டும். பல வண்ண லேஅவுட் பிரசுரம் இருக்கிறது, தானப் பத்திரம் இல்லை என்றால் வேலை பாதியில் நிற்கிறது. பிறகு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டத்தை அதில் பதியாமல் விளம்பரமே செய்யக் கூடாது.

கேள்வி: லேஅவுட் போடுகிறோம். எந்தக் கட்டத்தில் ரோடு போட வேண்டும், எப்போது முன்பணம் வாங்கலாம்?
– வாசகர், நாமக்கல்

பதில்: ஒற்றைச்சாளர இணையதளத்தில் விண்ணப்பம், பட்டா, புலப்படம், அ-பதிவேடு, மூலப் பத்திரங்கள், ஈ.சி., வழக்கறிஞர் கருத்துரை, கிராம வரைபடம், சுற்றுப்புறம் காட்டும் டோப்போ வரைபடம். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வே சான்று, மலையிடப் பகுதி என்றால் அதற்கான சான்று என்று இடத்துக்கேற்பக் கூடும். இடத்தைப் பார்த்த பிறகு, ரோடும் பூங்காவும் மட்டும் காட்டும் ஃபிரேம்வொர்க் வரைபடம் தருவார்கள். அதன்படி தரையில் கல் நட்டு, அந்தப் பகுதிகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதி, உள்ளாட்சி சொல்லும் தரத்தில் ரோடு, சாக்கடை வேலை. அப்புறம்தான் மனை எண்ணோடு இறுதி வரைபடம், உள்ளாட்சியின் உத்தரவு, ரெரா.

முன்பணம் ரெரா பதிவுக்குப் பிறகு. பதியாமல் விற்றால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் உண்டு. வாங்குவோரிடமிருந்து வரும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருந்து, அந்தத் திட்டத்துக்கே செலவாக வேண்டும். ஃபிரேம்வொர்க் வருமுன் ரோடு வெட்டிவிடாதீர்கள். ஒரு ரோடு 3 அடி நகர்ந்தால் ஜே.சி.பி. வாடகை இரண்டு தடவை.

கேள்வி: 30-க்கு 40 மனை வாங்கினேன். அளந்தால் ஒரு பக்கம் 28 அடிதான். பக்கத்து மனைக்காரரும் தனக்குக் குறைகிறது என்கிறார். யாரிடம் இருக்கிறது எங்கள் இடம்?
– வாசகி, ஓசூர்

பதில்: யாரிடமும் இல்லாமலும் இருக்கலாம். நட்டவர் கணக்கில் போயிருக்கும். 30 அடி என்பது 9.144 மீட்டர். வரிசையில் 18 மனை இருந்து, மெஷின்காரர் 9.1 என்று வைத்து நட்டுக்கொண்டே போனால் கடைசியில் 79 சென்டிமீட்டர் மிஞ்சும்; ஒவ்வொரு மனையும் ஒன்றேமுக்கால் அங்குலம் குறையும். மனைக்கு மனை முந்தைய கல்லிலிருந்து டேப் பிடித்திருந்தால் ஒரு கல்லின் பிழை அடுத்தடுத்து ஏறி வரும். வரிசையின் இரண்டு முனையையும் முதலில் நட்டு, தொடக்கப் புள்ளியிலிருந்தே 9.144, 18.288, 27.432 என்று கூட்டு அளவில் இடையில் உள்ள கற்களை வைப்பதுதான் சரியான முறை.

ஆனால் 2 அடி என்பது இந்தக் கணக்கில் வராது. நடுவில் கல் பெயர்ந்திருக்கும், அல்லது முனை மனைக்காரர் வீடு கட்டும்போது தள்ளிக் கட்டியிருப்பார். இரண்டு ரோடுகளுக்கு இடைப்பட்ட முழு நீளத்தை அளந்து, அனுமதி வரைபடத்தில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். மொத்தம் சரியாக இருந்தால் உள்ளே யாரோ கூட வைத்திருக்கிறார். மொத்தமே குறைந்தால் ரோடு நகர்ந்திருக்கிறது. உங்கள் மனையில் மூலைக்கு மூலையும் அளந்து பாருங்கள். 30-க்கு 40 செவ்வகத்தின் மூலைவிட்டம் இரண்டும் சரியாக 50 அடி வர வேண்டும். ஒன்று 50 அடி 9 அங்குலம், மற்றது 49 அடி 3 அங்குலம் என்றால் நான்கு பக்க அளவும் சரியாக இருந்தும் மனை சாய்ந்து நிற்கிறது. வரிசை முழுவதும் ஒரே நாளில், எல்லா மனைக்காரர்களும் நிற்க, அனுமதி வரைபடத்தை வைத்து அளக்க ஏற்பாடு செய்யுங்கள். இருவருக்குள் மட்டும் பேசித் தீர்த்தால் மூன்றாமவர் வருவார்.

கேள்வி: லேஅவுட் நிலத்தில் பழைய கிணறு இருக்கிறது. மூடிவிட்டு மனை போடலாமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: முதலில் பழைய பத்திரங்களில் “கிணற்றில் மூன்றில் ஒரு பாகம், மாமூல் வாய்க்கால் தடம் உட்பட” போன்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டுக் கிணறு என்றால் மற்ற பங்காளிகளிடம் விடுதலைப் பத்திரம் வாங்காமல் தொட முடியாது. உங்களுக்கு மட்டுமே பாத்தியம் என்றால் திறந்தவெளியில் வருகிற மாதிரி வரைந்து, கைப்பிடிச் சுவர் எழுப்பி, மழைநீர் இறங்கும் கிணறாக வைத்துக்கொள்ளலாம். மூடத்தான் வேண்டும் என்றால் தண்ணீரை இறைத்து, அடியில் கல், மேலே மண் என்று ஓர் அடிக்கு ஓர் அடுக்காகத் திம்சு போட்டு இறுக்குங்கள். லாரி மண்ணை மேலிருந்து கொட்டி மூடிய கிணறு சில மழைக்காலத்துக்கு அமுங்கிக்கொண்டே இருக்கும்; அதன்மேல் வீடு கட்டினால் சுவர் வெடிக்கும். ஆகவே மூடிய கிணறு மனைக்குள் விழாமல் ரோட்டிலோ பூங்காவிலோ விழும்படி வரையுங்கள். ரோட்டில் விழுந்தால் தார் போடுவதை ஒரு மழைக்காலம் தள்ளிப்போடுங்கள்.